மலை நீரும் நம் கேமராவும்: எடுப்பது எப்படி? எடுத்ததைப் பற்றிப் பேசுவது எப்படி?

(இறுதியாண்டு, அமைப்பியல் துறை)



டூர் போய் வந்த மறுநாள் எந்த ஹாஸ்டல் வராந்தாவிலும் ஒரே காட்சிதான். ஆளாளுக்குக் கையில் போன். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே படம். கீழே ஏரி, மேலே மலை, அதற்கும் மேலே வெள்ளை வெளேரென்று வானம். "நேர்ல பார்த்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா... படத்துல அது வரவே இல்லடா" என்று ஒருவன் அங்கலாய்ப்பான். பக்கத்தில் இருப்பவன் பார்க்காமலேயே "சூப்பர் மச்சி" என்பான். அத்தோடு அந்தப் படத்தின் கதை முடிந்துவிடும்!

இந்த இரண்டு குறைகளையும் தீர்த்துக் கொள்வது எப்படி என்பதுதான் இக்கட்டுரை. முதல் பகுதியில், மலை ஆற்றையும் ஏரியையும் கண்ணுக்குத் தெரிந்தபடி படத்தில் கொண்டு வருவது எப்படி என்று பார்ப்போம். இரண்டாம் பகுதியில், ஒரு நண்பனின் படத்தைப் பார்த்து அவனுக்குப் பயன்படும்படி நாலு வார்த்தை சொல்வது எப்படி என்று பார்ப்போம்.

"டிப்ளமோ படிக்கிற நமக்கு இது எதுக்குப்பா?" என்று கேட்கலாம். நாளைக்கு நாம் சைட்டுக்குப் போனால், கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். மெஷினில் விரிசல் விட்டால் படம் அனுப்பச் சொல்வார்கள். எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்று தெரிந்தவன் எடுத்த படம்தான் அங்கே சாட்சி. அந்தக் கண்ணைப் பழக்க மலையைவிட நல்ல வகுப்பறை கிடையாது என்பது என் எண்ணம்.

பகுதி ஒன்று: எடுப்பது எப்படி?

1. முதலில் தண்ணீரைத் தெரிந்து கொள்வோம்

நம் மலைகளில் நாம் படம் எடுக்கும் ஏரிகளில் பெரும்பாலானவை இயற்கை ஏரிகள் அல்ல, மனிதன் கட்டியவை. ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்டது. கொடைக்கானல் ஏரி 1863-ல் லெவிஞ்ச் என்ற அதிகாரியின் முயற்சியால் வந்தது. பைக்காரா நீர் மின் நிலையம் 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் சுதந்திரத்துக்குப் பின் கனடா நாட்டு உதவியோடு கட்டப்பட்ட குந்தா மின் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள். எலெக்ட்ரிகல் நண்பர்களே, உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் பென்ஸ்டாக்கும் டர்பைனும்தான் அந்த அழகிய ஏரிக்குப் பின்னால் இருக்கின்றன!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீர்த்தேக்கத்தின் மட்டம் ஏறி இறங்கும். மழைக்காலம் முடிந்தவுடன் தண்ணீர் புல்வெளியைத் தொட்டுக் கொண்டிருக்கும். கோடையில் தண்ணீர் இறங்கி, கரையைச் சுற்றிலும் செம்மண் பட்டை ஒன்று தெரியும். எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்துப் படமே மாறிவிடும்.

நிறத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும். கனடாவில் லேக் லூயிஸ், மொரெய்ன் ஏரி போன்றவை பச்சையும் நீலமும் கலந்து ஜொலிக்கக் காரணம், பனியாறு பாறையை அரைத்து உண்டாக்கிய மாவு போன்ற துகள்கள் அந்தத் தண்ணீரில் மிதப்பதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பனியாறு இல்லை. ஆகவே நம் ஏரி அந்த நிறத்தில் இருக்காது. நம் தண்ணீரின் அழகு வேறு. காலையில் வெள்ளி, சோலைக்காட்டு நிழலில் கரும்பச்சை, மழை பெய்த மறுநாள் டீ நிறம். கலர் ஸ்லைடரை இழுத்து இழுத்து அவலாஞ்சியைக் கனடா ஆக்கினால் அது கனடாவும் ஆகாது, அவலாஞ்சியாகவும் இருக்காது!

ஓடைகளுக்கும் ஒரு காரணக் கதை உண்டு. மலை உச்சியில் உள்ள புல்வெளியும் சோலைக்காடும் மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக் கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. அதனால்தான் கோடையிலும் சில ஓடைகள் தெளிவாக ஓடுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை ஓய்ந்த இடைவெளியில் காற்றில் தூசி குறைந்து, தூரத்து மலை மடிப்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். படம் எடுக்க அதுவே நல்ல நாள்.

2. நேரம்தான் பாதி படம்

ஏரியில் மலையின் நிழல் கண்ணாடி போல விழ வேண்டும் என்றால் காற்று அசையக் கூடாது. வெயில் ஏற ஏற மலைச் சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே கிளம்பும். தண்ணீரில் சிற்றலை எழும். பத்து மணிக்கு மேல் போய் "ரிஃப்ளெக்‌ஷன் வரலையே" என்று புலம்பிப் பயனில்லை. விடியற்காலையில் போங்கள். டிசம்பர், ஜனவரியில் இன்னொரு பரிசும் கிடைக்கும். இரவில் காற்று குளிர்ந்துவிடும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் ஏரி மேல் ஆவி போலப் பனிப்புகை எழும். சூரியன் ஏறிய சிறிது நேரத்தில் அது கலைந்துவிடும்.

அருவிக்கும் ஓடைக்கும் நேர் எதிர்! நல்ல வெயிலில் போனால் பாறையில் ஒரு பக்கம் சுள்ளென்ற வெளிச்சம், மறு பக்கம் இருட்டு. எந்தக் கேமராவும் திணறும். மேகம் மூடிய நாள்தான் ஓடைக்கு ஏற்றது. "வானம் மூடிக்கிச்சே, டூர் வேஸ்ட்" என்று எல்லோரும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் ஓடைப் பக்கம் நடங்கள்.

3. ஷட்டர் கணக்கு

ஓடும் தண்ணீரை எப்படிக் காட்டுவது என்பதை ஷட்டர் வேகம்தான் தீர்மானிக்கிறது. 1/500 நொடியும் அதற்கு மேலும் வேகம் என்றால் ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்கும். 1/8 நொடி அளவில் தண்ணீர் இழை இழையாகத் தெரியும்; அதன் வேகமும் திசையும் புரியும். 1 நொடிக்கு மேல் போனால் பட்டுத்துணி. 30 நொடி என்றால் தண்ணீரே காணாமல் போய்ப் புகை போல ஆகிவிடும்.

பகலில் அவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்தால் படம் வெளுத்துப் போகும். அதற்குத்தான் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி. இதில் வரும் கணக்கு நமக்குப் பழகிய கணக்கே. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி. 3 ஸ்டாப் என்றால் 2 × 2 × 2, அதாவது 8-ல் ஒரு பங்கு. ஃபில்டர் இல்லாமல் 1/60 நொடி என்று கேமரா காட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம்.

3 ஸ்டாப் ஃபில்டர்: 8 மடங்கு. சுமார் 1/8 நொடி.
6 ஸ்டாப் ஃபில்டர்: 64 மடங்கு. சுமார் 1 நொடி.
10 ஸ்டாப் ஃபில்டர்: சுமார் 1000 மடங்கு. ஏறக்குறைய 17 நொடி.

அபெர்ச்சரைக் குறைத்து எஃப் 22-க்குக் கொண்டுபோயும் நேரத்தைக் கூட்டலாம்தான். ஆனால் அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் (பிசிக்ஸில் படித்த டிஃப்ராக்‌ஷன் அதுவே!) படத்தின் கூர்மை குறையும். எஃப் 8, எஃப் 11 பக்கம் நின்று கொள்வது நல்லது.

போன் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். பெரும்பாலான போன்களில் அபெர்ச்சர் மாறாது. ப்ரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓ-வை மிகக் குறைவாக வைத்து, வெளிச்சம் மிகக் குறைந்த நேரத்தில் 1/8 நொடியை முயன்று பார்க்கலாம். ட்ரைபாட் இல்லையா? பாறை மேல் கைக்குட்டையை மடித்து வைத்து அதன் மேல் போனைச் சாய்த்து, 2 நொடி டைமர் போட்டுக் கையை எடுத்து விடுங்கள். ட்ரைபாட் இருப்பவர்கள் அதன் காலை ஓடும் தண்ணீருக்குள் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அதிர்வு படத்தைக் கெடுக்கும்.

4. வெள்ளைத் தண்ணீர், இருட்டுக் காடு

கேமராவின் மீட்டருக்கு ஒரு குணம் உண்டு. தன் முன்னால் இருப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைக்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளை அருவி என்றால், "ஐயோ ரொம்ப வெளிச்சம்" என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். வெள்ளை அழுக்காகிவிடும். அப்போது ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இருட்டான காட்டுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடாக அருவி விழுந்தால், காட்டைப் பார்த்து மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டும். அருவி வெளுத்து வெறும் காகிதமாகும். அப்போது ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும்.

போனில் வெள்ளைத் தண்ணீர் மேல் விரலை வைத்து அழுத்தி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். இருட்டான இடத்தைப் பிறகு ஓரளவு வெளிச்சப்படுத்தலாம். வெளுத்துப் போன தண்ணீரை எவராலும் மீட்க முடியாது. அங்கே விவரம் பதிவாகவே இல்லை!

5. நிழலும் போலரைசரும்

தண்ணீரில் விழும் பிம்பத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, பிம்பம் எப்போதும் அசலைவிடக் கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். விழும் ஒளியில் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விடுகிறது. மீதிதான் திரும்பி வருகிறது.

இரண்டு, பிம்பம் அசலின் தலைகீழ் ஜெராக்ஸ் அல்ல. நம் கேமரா தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்து மலையைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அதுதான் பிம்பம். அதனால் கரையோரப் புதர்கள் பிம்பத்தில் மலையை இன்னும் அதிகமாக மறைக்கும். மேலும் கீழும் ஒத்துப் போக வேண்டும் என்றால் குனிந்து, கேமராவைத் தண்ணீர்ப் பக்கம் இறக்குங்கள்.

போலரைசர் ஃபில்டர் தண்ணீரின் பளபளப்பை எடுத்துவிட்டு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைக் காட்டும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதற்கு ப்ரூஸ்டர் கோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி. அதாவது தண்ணீர்ப் பரப்பிலிருந்து 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது போலரைசர் முழு வேலை செய்யும். முதலாண்டு பிசிக்ஸில் மார்க்குக்காகப் படித்தது மலை மேல் கைகொடுக்கிறது, பார்த்தீர்களா? போனுக்குப் போலரைஸ்டு கூலிங்கிளாஸை லென்ஸ் முன்னால் பிடித்துச் சுழற்றிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒரே எச்சரிக்கை: ஏரியில் மலையின் பிம்பம்தான் உங்கள் படம் என்றால் போலரைசர் அந்தப் பிம்பத்தையே அழித்துவிடும். சுழற்றும்போது பார்த்துச் சுழற்றுங்கள்.

6. ரசமட்டமும் தூக்குக்குண்டும்

ஏரிப் படம் சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும் போலத் தோன்றும். சரி, எதை வைத்து மட்டம் பார்ப்பது? பலர் எதிர்க்கரையை வைத்துப் பார்க்கிறார்கள். அது தவறாகலாம். எதிர்க்கரை நம்மை விட்டுச் சாய்வாக விலகிப் போனால், கேமரா சரியாக இருந்தாலும் கரை சாய்ந்தே தெரியும்.

சிவில் மாணவனின் வழியைச் சொல்கிறேன். ரசமட்டத்தை விட்டுவிட்டுத் தூக்குக்குண்டை எடுங்கள்! கரையில் ஒரு மரத்தையோ பாறையையோ பாருங்கள். அதன் நுனியும், பிம்பத்தில் உள்ள அதே நுனியும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். இருந்தால் படம் மட்டமாக இருக்கிறது. இல்லையென்றால் சாய்ந்திருக்கிறது. 

7. பெரிய மலை சின்னதாகும் மாயம்

நேரில் ஆளை மிரட்டிய மலை படத்தில் மண்மேடு போலத் தெரிவது ஏன்? அகன்ற லென்ஸ் தூரத்தில் உள்ளதைச் சுருக்கிக் காட்டும். போனில் 0.5 என்று அழுத்தினால் மலை இன்னும் சுருங்கிப் போகும். மலைதான் முக்கியம் என்றால் 2 அல்லது 3 மடங்குக்குப் போங்கள். அகலம்தான் வேண்டும் என்றால் முன்னால் ஏதாவது ஒன்றை வையுங்கள்: ஒரு பாறை, ஒரு மரவேர், வளைந்து போகும் ஓடை. தூரத்தில் ஒரு மனிதனோ ஒரு படகோ இருந்தால் மலையின் உயரம் தானாகப் புரியும்.

8. முன்னோடிகள் மூவர்

சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1863-ல் இந்தியா வந்தார். இமயமலைக்கு மூன்று முறை நெடும்பயணம் போனார். 1866-ல் கங்கை பிறக்கும் கங்கோத்ரி பனியாற்றைப் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். சுமை தூக்கப் பலர் வேண்டும். ஒரு படத்துக்கு அத்தனை பாடு! நாமோ ஒரே இடத்தில் நின்று 40 படம் தட்டுகிறோம்.

அமெரிக்காவில் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-ல் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பெரிய கண்ணாடித் தட்டுகளில் படம் எடுத்தார். அந்த இடத்தை நேரில் பாராதவர்களும் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். 1864-ல் அதிபர் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதற்கு அப்படங்களும் துணை நின்றன. ஒரு நல்ல படம் மலையையே காப்பாற்ற உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாமவர் ஆன்சல் ஆடம்ஸ். 1942-ல் அவர் எடுத்த டீட்டன் மலையும் ஸ்னேக் ஆறும் உள்ள கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடிப் பாருங்கள். ஆறு முன்னாலிருந்து வளைந்து வளைந்து நம் கண்ணைக் கைப்பிடித்து மலை வரை கூட்டிப் போகும். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் உள்ள படங்களில் அதுவும் ஒன்று. பூமி எப்படி இருக்கும் என்று அயலாருக்குக் காட்டத் தேர்ந்தெடுத்தவற்றில் ஒரு மலை ஆறு!

பகுதி இரண்டு: எடுத்ததைப் பற்றிப் பேசுவது எப்படி?

இனிதான் முக்கியமான பகுதி. "சூப்பர்" என்பது விமர்சனம் அல்ல. "மொக்கை" என்பதும் விமர்சனம் அல்ல. இரண்டிலும் எடுத்தவனுக்கு ஒரு பயனும் இல்லை. நான் கடைப்பிடிக்கும் ஐந்து படிகளைத் தருகிறேன்.

1. பார். அரை நிமிடம் வாய் திறக்காமல் பார். கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே நகர்கிறது, எந்த வழியாகப் படத்தை விட்டு வெளியேறுகிறது என்று கவனி.

2. சொல். பார்த்ததை அப்படியே சொல். "என் கண் முதல்ல அந்த வெள்ளை வானத்துக்குப் போச்சு, அப்புறம்தான் ஏரிக்கு வந்துச்சு." இதில் குறையும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. ஆனால் எடுத்தவனுக்கு உடனே விளங்கிவிடும்.

3. கேள். "நீ எதைக் காட்ட நினைச்ச?" இந்தக் கேள்வி இல்லாமல் விமர்சனமே கூடாது.

4. நல்லது ஒன்றைக் குறிப்பாகச் சொல். "கலர் நல்லாருக்கு" என்று பொதுவாகச் சொல்லாமல், "இந்தப் பாறையோட ஈரம் கையில ஒட்டுற மாதிரி இருக்கு" என்று சொல்.

5. மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றைச் சொல். அது செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். மேசையில் திருத்தக் கூடியதா (வெட்டுதல், வெளிச்சம்), மலைக்குத் திரும்பிப் போய்த்தான் திருத்த முடியுமா (நின்ற இடம், நேரம்) என்பதையும் பிரித்துச் சொல்.

எடுத்தவருக்கும் ஒரு விதி உண்டு. மற்றவர் பேசி முடிக்கும் வரை வக்காலத்து வாங்கக் கூடாது. "அது வந்து மச்சி, அங்க இடமே இல்ல..." என்று ஆரம்பித்தால் காது மூடிவிடும்.

போன ஆண்டு நம் மாணவர் மன்றம் வைத்த புகைப்படக் கண்காட்சியிலிருந்து மூன்று படங்களை எடுத்துக் கொள்வோம். பெயர்கள் வேண்டாம்.

முதல் படம், ஏரியில் மலையின் பிம்பம். மேல் பாதி மலை, கீழ் பாதி பிம்பம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. அரை நிமிடம் பார்த்தபின் புரிந்தது: பிம்பம் அசலைவிட வெளிச்சமாக இருந்தது! வானத்தை இருட்டாக்கும்போது மலையும் சேர்ந்து இருண்டுவிட்டது. இயற்கையில் நடக்க முடியாத ஒன்று படத்தில் இருந்தால், காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் மனம் நம்ப மறுக்கும். நண்பரிடம் சொன்னேன். அங்கேயே போனில் மலையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினார். படம் மூச்சு விட்டது. இது மேசைத் திருத்தம்.

இரண்டாவது, மழைக்கால அருவி. நீண்ட நேரம் ஷட்டர் திறந்ததால் தண்ணீர் பஞ்சு போல இருந்தது. "எதைக் காட்ட நினைச்சீங்க?" என்று கேட்டேன். "அந்தச் சத்தத்தை! பக்கத்துல நிக்குறவன் பேசுறதே கேக்கல" என்றார். பஞ்சுக்குச் சத்தம் ஏது? சத்தம் வேண்டும் என்றால் 1/8 அல்லது அதற்கும் வேகமாகப் போய், தண்ணீர் பாறையில் மோதிச் சிதறும் இடத்தைக் காட்ட வேண்டும். பஞ்சு தவறு அல்ல. அமைதியான ஓடைக்கு அதுவே அழகு. இந்த அருவிக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இது மலைக்குத் திரும்பிப் போய்ச் செய்ய வேண்டிய திருத்தம்.

மூன்றாவது படம்தான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது. இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரிகல் படிக்கும் மலைப்பகுதி மாணவி ஒருவர் எடுத்தது. ஏப்ரல் மாத நீர்த்தேக்கம். தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடக்கிறது. சுற்றிலும் செம்மண் பட்டை, பழைய மரத்தின் அடிக்கட்டைகள். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "அந்த மண்ணை கிராப் பண்ணும்மா." "ஏஐ-ல போட்டா தண்ணிய ஃபுல்லா நிரப்பிக் கொடுத்துடும்." அந்தத் தங்கை முகம் வாடிப் போய் என்னிடம் வந்து, "அண்ணா, இதைப் போர்டுலேர்ந்து எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

"நீ எதைக் காட்ட எடுத்தம்மா?" என்றேன்.

"எங்க ஊரு தண்ணி அண்ணா. அன்னைக்கு இவ்ளோதான் இருந்துச்சு. அதைக் காட்டத்தான் எடுத்தேன்."

நண்பர்களே, அப்படியென்றால் அந்த மண் பட்டை அழுக்கு இல்லை, அதுதான் படம்! தண்ணீர் எங்கிருந்து எங்கே இறங்கியது என்று அது படிப்படியாகக் கோடு போட்டுக் காட்டுகிறது. ஸ்டாஃப் வைத்து லெவல் எடுத்தது போல! அதை வெட்டினாலோ, இல்லாத தண்ணீரை நிரப்பினாலோ அழகான பொய் ஒன்று கிடைக்கும். அந்த ஏப்ரல் மாதம் காணாமல் போகும்.

ஆனால் "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவதும் விமர்சனம் ஆகாது. அந்தப் படத்தில் உண்மையான குறை ஒன்று இருந்தது. தண்ணீரா, மண்ணா, எது முக்கியம் என்று படம் முடிவு செய்யவில்லை. இரண்டும் சரிபாதியாக இருந்தன. "இதே இடத்துல வேற படம் எடுத்தியாம்மா?" என்று கேட்டேன். போனில் தேடினார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்து மண்ணின் ஒவ்வொரு வரியும் எழும்பித் தெரியும் படம் ஒன்று இருந்தது. மண் மூன்றில் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. ஓரத்தில் குடத்தோடு ஒரு பெண்மணி, எறும்பு போலச் சிறிதாக. அதைப் பிரிண்ட் போட்டு மறுநாள் மாட்டினோம். முன்தினம் ஏஐ யோசனை சொன்னவர்களே அதன் முன் நின்று பேசாமல் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் மெதுவாக, "இது எந்த வருஷம்?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய பரிசு ஒரு படத்துக்குக் கிடையாது.

கண்காட்சிக்கான படத்தில் வெளிச்சம் திருத்தலாம், சாய்வு திருத்தலாம். ஆனால் அங்கே கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலை அழித்துவிட்டு "தூய்மையான மலை ஓடை" என்று தலைப்புப் போடுவது நியாயமா? பாட்டில் பிடிக்கவில்லை என்றால் கையால் எடுத்துப் பையில் போட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஓடையும் சுத்தமாகும், படமும் சுத்தமாகும்!

சுவர் இருந்தால்தான் சித்திரம்

இதைச் சொல்லாமல் முடித்தால் நான் நண்பன் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, சத்தம் கூடினாலோ, கேமராவைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். ஏறி விடுங்கள். ட்ரைபாட் போனால் போகட்டும்.

அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்காதீர்கள். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. பாசி பிடித்த பாறையில் பின்னால் நடந்து நடந்து செல்ஃபி எடுக்காதீர்கள். காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதி தேவைப்படும். பேரிஜம் ஏரி போன்ற இடங்களுக்கு அனுமதி இல்லாமல் போக முடியாது. டிரோன் பறக்கவிட 2021 விதிகள் இருக்கின்றன. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை 2024 மே மாதம் வந்தது. புறப்படும் முன் விசாரித்துக் கொள்ளுங்கள்.

முடிவாக ஒரு வீட்டுப்பாடம்

மலைக்குப் போக எல்லோருக்கும் காசு இருக்காது. எனக்குத் தெரியும். உங்கள் ஊர் ஏரி, கண்மாய், வாய்க்கால் எதுவானாலும் சரி, ஒரு இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே கல் மேல் நின்று, அதே உயரத்தில், அதே திசையில் ஒரு படம். வருடத்துக்கு 12 படம். தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும், கரை தேய்வதும், வெளிச்சம் நகர்வதும் அதில் தெரியும். அந்தப் பன்னிரண்டையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தவன் அடுத்த முறை மலைக்குப் போகும்போது வேறு கண்ணோடு போவான்.

மன்றப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் கட்டித் தொங்க விடுங்கள். "சூப்பர்" என்ற வார்த்தைக்கு மட்டும் தடை போடுங்கள். நல்லது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, அவ்வளவுதான் எழுத வேண்டும். படத்துக்குச் சொந்தக்காரர் அந்தத் தாளைக் கிழிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

பாருங்கள், கேளுங்கள், மெய்யாகச் சொல்லுங்கள். அடுத்த டூரில் சந்திப்போம்... விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஏரிக்கரையில்!